கைநாட்டுக்கு முன்னால்

கொடும்பாளூரில் மூவர் கோயிலுக்குப் போகும் வழியில் குடியிருக்கும் பாட்டி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுக் காகிதத்துடன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் புகையிலையை அடக்கிய கன்னத்தில் இப்போது புற்று. புதிய மருந்து ஒன்றின் பரீட்சையில் சேரச் சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள்.

"வாத்தியாரையா, என்னை வச்சுச் சோதிச்சுப் பார்க்கப் போறாகளாம். கைநாட்டு வைக்கலாமா?" என்றாள்.

இந்தப் பயத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிடலாகாது. 1999, 2000-ம் ஆண்டுகளில் திருவனந்தபுரத்துப் பிராந்தியப் புற்றுநோய் மையத்தில், இதே வாய்ப்புற்றால் வருந்திய சிலருக்குப் புதிய இரசாயனம் ஒன்று ஊசி மூலம் செலுத்தப்பட்டது. ஆராய்ச்சியில் சம்பந்தப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பிறகு விசாரித்தது. தன் அனுமதி பெறப்படவில்லை என்றும், மிருகங்களிடம் போதிய சோதனை நடக்கவில்லை என்றும் அது 2001-ல் ஒப்புக்கொண்டது. நோயாளிகளுக்கு விஷயம் சரிவர விளக்கப்படவுமில்லை.

ஆனால், பரீட்சை என்பதே பாவமா? நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல் பாடுபட்டதன் பலனாக 1954-ல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் உதித்தது. 1980-களில் அந்த நிலையமும், பம்பாய், டில்லி ஆஸ்பத்திரிகளும், அமெரிக்கத் தேசீயப் புற்றுநோய் நிலையத்துடன் கூடி, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு 'எம்.ஸி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதற்கு முன் நம் நாட்டில் ஐந்து குழந்தைகளில் ஒன்று பிழைப்பதே அரிது. பின்னர் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கலாயினர். முதலில் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு முடிவு இன்னதென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

காகிதத்தை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். திருவுளச் சீட்டுப் போல் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறு பாதிக்கு அதனுடன் புதிய மருந்தும்.

"அப்ப, எனக்குப் புது மருந்து கிடைக்காமலும் போகுமா?"

"போகலாம், ஆத்தா. எது மேல் என்று டாக்டர்களுக்கே தெரியாது. தெரிந்தால் பரீட்சை எதற்கு?"

"மாட்டேன்னு சொன்னா வெளியே அனுப்பிருவாகளா?"

அனுப்பக் கூடாது. இந்திய ஸர்க்கார் 2019-ல் பிறப்பித்த விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் பாஷையில் விளக்கி எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். வைத்தியர் அல்லாதாரும் அடங்கிய நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். பரீட்சையால் தீங்கு நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. எந்த நாளிலும் விலகிக் கொள்ளலாம். மேலும், ஒவ்வொரு பரீட்சையும் 2007-ல் தொடங்கிய தேசீயப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். 2009 முதல் இது கட்டாயம்.

எட்டு நாள் கழித்துப் பாட்டி திரும்பி வந்தாள். கைநாட்டு வைக்கவில்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேல், பரீட்சைக்காகப் பலமுறை பட்டணம் போய்வர வேண்டுமாம். துணைக்கு வரும் மகளின் கூலி போய்விடுமே என்று யோசித்தாளாம். "சரி, பாட்டி" என்று டாக்டர் சொல்லி, வழக்கமான சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தாராம்.

அவள் சேர்ந்திருந்தால் நாளை வரும் நோயாளிகளுக்கு உபகாரம் செய்தவளாவாள்; சேராததால் குற்றவாளி ஆகிவிடவில்லை. "மாட்டேன்" என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடத்தில்தான் "சரி" என்பதற்கு மதிப்பு உண்டு.

எழுத்தறிந்த நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய காகிதத்துடன் யாரேனும் உங்கள் திண்ணைக்கு வந்தால், "போடு" என்றும் சொல்லாதீர்கள். "போடாதே" என்றும் சொல்லாதீர்கள். நிதானமாக, முழுவதையும் படித்துக் காட்டுங்கள்.