'லிட்ரலி', 'ப்ரீபோன்', 'ஐயோ'... இங்கிலீஷ்ல எது சரி, எது தப்பு? முடிவு பண்றது யாரு?

2024 பிப்ரவரியில் மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி நிறுவனம் இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன பதிவு போட்டது. ஆங்கில வாக்கியத்தை 'வித்', 'அபௌட்', 'ஃபார்' மாதிரியான முன்னிடைச் சொல்லில் முடிக்கலாம், அதில் தப்பே இல்லை என்பதுதான் அந்தப் பதிவு.

அவ்வளவுதான். பெரிய சண்டையே கிளம்பிவிட்டது. "அப்பாடா, நிம்மதி" என்று ஒரு கூட்டம். "அகராதிக்காரங்களே இப்படிப் பேசினா இங்கிலீஷ் எப்படி உருப்படும்?" என்று இன்னொரு கூட்டம்.

ஒரு சின்னச் சொல்லுக்கு எதற்கு இவ்வளவு கோபம்? ஆங்கிலத்தில் எது சரி, எது தப்பு என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்தே வாயைத் திறக்காமல் இருக்கும் நமக்கு இதில் என்ன பாடம்? பார்க்கலாம்.

இரண்டு கட்சிகள் யார்?

மொழி விஷயத்தில் இரண்டு அணுகுமுறைகள் இருக்கின்றன. ஒன்று விதிமுறை இலக்கணம். "இப்படித்தான் எழுதணும், இப்படி எழுதக் கூடாது" என்று சட்டம் போடுவது இது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இலக்கணம் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொன்று விளக்கமுறை இலக்கணம். மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று கவனித்து, அதை அப்படியே பதிவு செய்வது இது. இன்றைய மொழியியல் ஆய்வாளர்களும் அகராதித் தயாரிப்பாளர்களும் இந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

எளிமையாகச் சொன்னால், முதலாமவர் டிராஃபிக் போலீஸ் மாதிரி. இரண்டாமவர் அதே சாலையில் எத்தனை வண்டி, எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கெடுப்பவர் மாதிரி. இருவரும் பார்ப்பது ஒரே சாலையைத்தான். செய்யும் வேலைதான் வேறு.

அந்த விதி எங்கிருந்து வந்தது?

முன்னிடைச் சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு வயது 350-க்கும் மேல். 1672-ல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் எழுத்தில் இதை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டினார். அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு லத்தீன்தான் உயர்ந்த மொழி. ஆங்கிலத்தையும் அந்த அச்சில் வார்க்கப் பார்த்தார்கள்.

1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல் மிகவும் பிரபலமானது. இந்த வழக்கம் ஆங்கிலத்தின் இயல்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். கம்பீரமான எழுத்துக்கு மட்டும் அது சரிப்படாது என்றார். பின்னால் வந்த வாத்தியார்கள் இந்த ஆலோசனையை இறுக்கிப் பிடித்து, மீறவே கூடாத சட்டமாக்கிவிட்டார்கள்.

ஆனால் மக்கள் கேட்டார்களா? இல்லை. "வாட் ஆர் யூ டாக்கிங் அபௌட்?" என்றுதான் அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

'லிட்ரலி' செய்த பாவம் என்ன?

'லிட்ரலி' என்றால் 'சொல்லுக்குச் சொல் உண்மையாக' என்று அர்த்தம். ஆனால் ஆன்லைனில், "நேத்து லிட்ரலி செத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே பதிவு போடுவார்கள். செத்தவர் எப்படிப் பதிவு போடுவார் என்று கேட்டு ஒருவர் திருத்த வருவார்.

2013-ல் இது பெரிய விவாதமானது. இந்த மிகைப்படுத்தும் அர்த்தத்தையும் அகராதிகள் சேர்த்துவிட்டன என்று இணையத்தில் பலர் கொதித்தார்கள். உண்மை என்னவென்றால், மெரியம்-வெப்ஸ்டர் அந்த அர்த்தத்தை 1909-லேயே தன் பெரிய அகராதியில் பதிவு செய்துவிட்டது. சார்லஸ் டிக்கன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் போன்ற பெரிய எழுத்தாளர்களே அந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அதாவது, 'இந்தக் காலத்துப் பசங்க மொழியைக் கெடுத்துட்டாங்க' என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தையவை.

அகராதி என்ன, கோர்ட்டா?

"அகராதியில் சேர்த்துட்டாங்க, அதனால இது சரி" என்று ஒரு பக்கம் வாதாடுகிறது. "எப்படிச் சேர்க்கலாம்?" என்று மறுபக்கம் கேட்கிறது. இருவருமே அகராதியைத் தீர்ப்பு சொல்லும் இடமாக நினைக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் 1961-ல் உச்சத்துக்குப் போனது. ஃபிலிப் கோவ் தலைமையில் 'வெப்ஸ்டர்ஸ் தேர்ட்' என்ற பெரிய அகராதி வெளியானது. 'எயின்ட்' என்ற கொச்சைச் சொல்லைப் படித்தவர்கள் பலரும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் கொந்தளித்தன. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது. இத்தனைக்கும் அந்தச் சொல் அகராதிக்குப் புதிதே இல்லை, முந்தைய பதிப்பிலும் இருந்தது. 'இது கீழானது' என்ற முத்திரையைத் தளர்த்தியதுதான் பிரச்சினை.

இந்த எதிர்ப்பின் சூட்டில்தான் 1969-ல் 'அமெரிக்கன் ஹெரிடேஜ்' அகராதி வந்தது. எது நல்ல ஆங்கிலம் என்று ஓட்டுப் போட்டுச் சொல்ல எழுத்தாளர்கள், பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழுவையே அமைத்தார்கள். அந்தக் குழு 2018-ல் கலைக்கப்பட்டது.

ஒருவருக்கு 'தே' சொல்லலாமா?

'தே' என்றால் 'அவர்கள்'. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரே ஒரு நபரைக் குறிக்கவும், ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவரைக் குறிக்கவும் அதைப் பயன்படுத்தலாமா என்பது அடுத்த சண்டை.

ஒருமை 'தே' புதுசு இல்லை. 1375-ஐ ஒட்டிய ஒரு கதைப்பாடலிலேயே அது இருப்பதாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டுகிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டு இலக்கண நூல்கள்தான் 'ஹி' என்ற ஆண்பால் சொல்லே இரு பாலருக்கும் போதும் என்றன. 1850-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பால் சொல் பெண்களையும் குறிக்கும் என்று சட்டமே போட்டது.

இப்போது சக்கரம் மறுபடியும் சுற்றிவிட்டது. இந்த 'தே'யை 2019-ன் ஆண்டுச் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அறிவித்தது. தமிழருக்கு இது ஆச்சரியமே இல்லை. பன்மையில் பிறந்த 'நீங்கள்', 'அவர்கள்' இரண்டையும் மரியாதைக்காக ஒருவருக்கே நாம் தினமும் சொல்கிறோமே!

சாட்டில் புள்ளி வெச்சா கோபமா?

ஆன்லைன் எழுத்துக்கு விதியே இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. அங்கே வேற விதிகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. குறுஞ்செய்தியில் ஒரே சொல்லில் பதில் அனுப்பி, கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால், அது மனசார சொன்ன பதில் மாதிரி இல்லை என்று படிப்பவர்கள் நினைத்தார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளி இருந்தபோது அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் இருந்து "ஓகே." என்று புள்ளியோடு பதில் வந்தால், 'என்னாச்சு, கோபமா?' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். புத்தக இலக்கணப்படி அந்தப் புள்ளி சரி. சாட் இலக்கணப்படி அது முறைப்பு!

'ப்ரீபோன்' தப்பா?

இந்திய ஆங்கிலத்துக்கு வருவோம். மீட்டிங்கை முன்கூட்டியே நடத்தினால் 'ப்ரீபோன்' என்கிறோம். வெளிநாட்டில் இதைச் சொல்லிக் கேலிக்கு ஆளானவர்கள் உண்டு. 'போஸ்ட்போன்' இருக்கும்போது அதன் எதிர்ச்சொல்லாக 'ப்ரீபோன்' இருப்பது கச்சிதமான தர்க்கம்தான். இதே அர்த்தத்தில் 1913-லேயே நியூயார்க் டைம்ஸுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இந்தச் சொல் இருக்கிறது என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி.

அதே அகராதியில் 2016-ல் நம்ம 'ஐயோ' சேர்ந்தது. 2017-ல் சேர்ந்த 70 இந்தியச் சொற்களில் 'அண்ணா'வும் ஒன்று. 'கட்டமரான்' எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டது, அது நம்ம 'கட்டுமரம்'தான்.

பழைய சொற்கள் போவதும் புதியவை வருவதும் குற்றமில்லை என்று நன்னூலே சொல்கிறது. இலக்கணம் எழுதியவருக்கே அந்தத் தெளிவு இருந்திருக்கிறது.

அப்போ விதியே வேண்டாமா?

அப்படியும் இல்லை. இதோ ஒரு காற்புள்ளியின் விலை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் நிறுவன லாரி டிரைவர்கள், ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். யாருக்கு ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில் 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்தல்' என்றும் படிக்கலாம், 'அனுப்புவதற்கு பேக் செய்தல்' ஒன்று, 'விநியோகம்' இன்னொன்று என்றும் படிக்கலாம். நடுவில் ஒரு காற்புள்ளி இல்லாததுதான் காரணம். டிரைவர்கள் விநியோகிப்பவர்கள், பேக் செய்பவர்கள் இல்லை. சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது.

சட்டம், மருந்துச் சீட்டு, ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம் என்று வரும்போது எல்லோரும் ஒத்துக்கொண்ட பொது வடிவம் தேவை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால் அங்கே யாருக்கோ நஷ்டம்.

திருத்துவதா, மட்டம் தட்டுவதா?

2016-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்கள் மாதிரி சில மெயில்களைக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழைகள் இருந்தன. எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவர்களோடு இணங்கிப் போகும் குணம் குறைவாக இருந்தவர்கள்தான் இலக்கணப் பிழைகளுக்கு அதிகமாக எரிச்சல்பட்டார்கள்.

நம் ஊரில் இது இன்னும் வலிக்கும். இங்கே ஆங்கிலம் வெறும் மொழி இல்லை. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், வீட்டில் யார் படித்தவர்கள் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் அது இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒருவர் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழையை வைத்துச் சிரித்தால், அடிபடுவது இலக்கணம் இல்லை, அந்த ஆள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* வேலை, தேர்வு, அரசு விண்ணப்பம்: பாடப்புத்தக ஆங்கிலமே பாதுகாப்பு. 'லிட்ரலி'யைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* வெளிநாட்டு அலுவலகத்துக்கு மெயில்: 'ப்ரீபோன்' புரியாமல் போகலாம். தேதியை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். காரணம் அது தப்பு என்பதல்ல, எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான்.

* நண்பர்களோடு சாட்: உங்கள் இஷ்டம்.

* அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டால்: அர்த்தம் மாறி அவருக்கு நஷ்டம் வரும் என்றால் தனியாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

* உங்களை யாராவது திருத்தினால்: அது உண்மையான பிழையா, பழைய வாத்தியாரின் விருப்பமா என்று ஒரு நல்ல அகராதியில் பாருங்கள். அதற்காகப் பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இந்த விதிகளையெல்லாம் உலகத்துக்கு எழுதிக்கொடுத்தவர்கள் மொழியிலேயே 350 வருஷமாக சண்டை ஓயவில்லை. நாம் ஒரு வாக்கியம் தப்பாகப் பேசினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.