டிராப் பண்ணத் தெரிந்தால் பாதி ஜெயிச்ச மாதிரி: ரம்மி ஆடுபவர்களுக்கு ‘ராஸ்’ போக்கர் ஓர் அறிமுகம்

பாயிண்ட் ரம்மியில் 13 சீட்டைக் கையில் விரித்ததுமே அனுபவசாலிக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: ஆடலாமா, டிராப் பண்ணிடலாமா? முதலிலேயே விலகினால் 20 பாயிண்ட். நடுவில் விலகினால் 40. கடைசிவரை உட்கார்ந்து மாட்டினால் 80. சில ஊர்களில் இதையே ‘ஸ்கூட்’ என்பார்கள். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். இந்தக் கணக்கு கைவந்தவர்களுக்குப் போக்கர் குடும்பத்தில் ஓர் ஆட்டம் பாதி தெரிந்த மாதிரி. அதன் பெயர் ராஸ்.

ரம்மியும் போக்கரும் தமிழ்நாட்டில் ஒன்றாகப் பேசப்படுவதற்கு ஒரு சட்டம் காரணம். அந்தச் சட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து, ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மசோதாவை 2022 அக்டோபர் 19 அன்று சட்டமன்றத்தில் தாக்கல் செய்தவர், அப்போது சட்டத்துறை அமைச்சராக இருந்த திருமயம் எம்.எல்.ஏ எஸ்.ரகுபதி. அந்த மசோதாவின் அட்டவணையில் இருந்த இரண்டு பெயர்கள் ரம்மி, போக்கர். பணம் வைத்து ஆடலாமா என்பதைப் பற்றிக் கொஞ்சம் கீழே பார்ப்போம். முதலில் ஆட்டம்.

எல்லாமே தலைகீழ்

சாதாரணப் போக்கரில் பெரிய சீட்டு, ஜோடி, சீக்வென்ஸ் வந்தால் சந்தோஷம். ராஸில் சின்ன சீட்டு வந்தால்தான் சந்தோஷம். இப்படிக் குறைந்த கை ஜெயிக்கும் போக்கர் வகைகளுக்குப் பொதுப் பெயர் லோபால். அதில் சிலது திறந்த சீட்டு, சிலது மூடிய சீட்டு எனக் கொடுத்து ஆடுவது ஸ்டட். ராஸ் இரண்டும் சேர்ந்தது. லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் இதற்குத் தனிப் போட்டியே இருக்கிறது.

ஆளுக்கு ஏழு சீட்டு வரும். அதில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு மூடிய சீட்டு, ஒரு திறந்த சீட்டு. பிறகு ஒவ்வொன்றாக மூன்று திறந்த சீட்டுகள். ஏழாவது மீண்டும் மூடியது. ஒவ்வொரு கட்டத்திலும் கட்டலாம், சமன் செய்யலாம், உயர்த்தலாம், டிராப் பண்ணலாம். முதல் கட்டத்தில் மிகப் பெரிய திறந்த சீட்டு வைத்திருப்பவர் ஒரு சின்னத் தொகையைக் கட்டாயமாக வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதாவது கிங் வந்தவருக்கு அபராதம் மாதிரி. அடுத்த கட்டங்களில், திறந்திருப்பதில் குறைந்த கை வைத்திருப்பவர் முதலில் பேச வேண்டும்.

ஏஸ் இங்கே எப்போதும் ஒன்றுதான். சீக்வென்ஸ், ஒரே பூ இரண்டும் கணக்கில் கிடையாது. எனவே ஏஸ்-2-3-4-5 தான் உலகின் மிகச் சிறந்த கை. ஜோடி சேர்ந்தால் அந்தச் சீட்டு வீண்.

ரம்மிக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் பாயிண்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். உங்களிடம் 8-4-3-2-ஏஸ், எதிராளியிடம் 7-6-5-4-3 என்று வையுங்கள். கூட்டினால் உங்களுக்கு 18, அவருக்கு 25. ஆனால் ஜெயிப்பது அவர்தான். ராஸில் கூட்டல் இல்லை. கையின் மிகப் பெரிய சீட்டை முதலில் ஒப்பிட வேண்டும், அதில் சமன் என்றால்தான் அடுத்தது. 7 எட்டை அடித்துவிட்டது, மீதியைப் பார்க்கவே தேவையில்லை.

ஆறு கைக்கு ஒன்று

ராஸ் கற்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் விதி எளிமையானது. முதல் மூன்று சீட்டும் 8 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிராப்.

எத்தனை தடவைக்கு ஒருமுறை அப்படி வரும்? 52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் 3,584 மட்டுமே இந்த விதிக்குள் வரும். சதவீதத்தில் 16 சொச்சம். ஆறு கைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஐந்து முறை சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். 2, 3 என்று இரண்டு நல்ல சீட்டு, கூடவே ஒரு ஜாக். "ரெண்டு நல்லா இருக்கே, போய்த்தான் பார்ப்போமே" என்று போய்விடுவார்கள்.

ஆனால் வேடிக்கை பார்ப்பது வெட்டி வேலை கிடையாது. ராஸில் முக்கால்வாசித் தகவல் மேசையிலேயே கிடக்கிறது. டிராப் ஆனவர்களின் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள், நினைவில் வைத்துக்கொள்வது உங்கள் வேலை. உங்களிடம் ஏஸ்-4-7 இருக்கிறது என்றால், எதிரே ஒரு 4, ஒரு 7 திறந்து கிடப்பது நல்ல செய்தி. உங்களுக்கு ஜோடி விழும் வாய்ப்பு குறைகிறது. அதுவே எதிரே 2, 3, 5, 6 கிடந்தால் கெட்ட செய்தி. உங்களுக்குத் தேவையான சீட்டுகள் போய்விட்டன.

சுவாரசியமான விஷயம், 1967இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்குக் காட்டிய காரணமும் இதுதான். விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். முழுக்க அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பு உதாரணம் காட்டியது மூணு சீட்டை.

புளியங்கொட்டையில் ஒரு கை

ஒரு கையை ஆடிப் பார்ப்போம். ஆறு பேர். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை நடுவில் வைத்தாயிற்று. முதல் இரண்டு கட்டங்களில் கட்டும் அளவு 5 கொட்டை, அதற்குப் பிறகு 10. ராஸ் பொதுவாக இப்படி அளவு நிர்ணயித்துத்தான் ஆடப்படுகிறது.

திறந்த சீட்டுகள் வரிசையாக: கீரனூர்க்காரருக்கு கிங், அடுத்தவருக்கு ஜாக், அதற்கடுத்தவர்களுக்கு 4, 7. ஆலங்குடிக்காரருக்கு 2. கடைசியில் உங்களுக்கு 7. உள்ளே உங்களிடம் ஏஸ், 4.

கிங் வைத்திருப்பவர் கட்டாயத் தொகை 2 கொட்டை வைக்கிறார். ஜாக், 4, 7 மூவரும் டிராப். ஆலங்குடிக்காரர் 5 ஆக உயர்த்துகிறார். நீங்கள்? ஆடலாம். மூன்றும் எட்டுக்குள், அதோடு ஒரு 4, ஒரு 7 வெளியே போயிருக்கின்றன. 5 வைக்கிறீர்கள். கிங் டிராப். நடுவில் இப்போது 18 கொட்டை.

அடுத்த சீட்டு. ஆலங்குடிக்காரருக்கு 5, உங்களுக்கு குயின். அவர் முன்னால் 2-5, உங்கள் முன்னால் 7-குயின். அவர் 5 கட்டுகிறார். குவியல் 23 ஆகிவிட்டது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 23 கொட்டைக்கு 5 கொட்டைதானே, மலிவாகத் தெரியும். ஆனால் கடைசிவரை பார்க்க வேண்டுமென்றால் இன்னும் மூன்று முறை பத்துப் பத்தாகக் கட்ட வேண்டியிருக்கும். மொத்தம் 35. அவரிடம் நான்கு நல்ல சீட்டு இருக்கலாம், உங்களிடம் மூன்றுதான். பெரும்பாலான சமயங்களில் சரியான முடிவு, டிராப். ரம்மியில் 20 பாயிண்ட்டோடு எழுந்து போவது மாதிரி.

சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் முடிவும் மாறும். உங்களுக்கு குயின் வந்தபோது அவருக்கும் ஒரு ஜாக் வந்திருந்தால் இருவருக்கும் அடி, தொடரலாம். உங்களுக்கு 3 வந்து அவருக்கு 10 வந்திருந்தால் நீங்களே கட்ட வேண்டும், அவர் யோசிக்கட்டும்.

பொய்க்கும் இடம் உண்டு. எல்லாரும் டிராப் ஆகி, கட்டாயத் தொகை வைத்த கிங் மட்டும் மிச்சம். உங்கள் திறந்த சீட்டு 3. உள்ளே இரண்டு குயின் இருந்தாலும் 5 ஆக உயர்த்திப் பார்க்கலாம். அவருக்குத் தெரிவது அந்த 3 மட்டும்தான். பல முறை அவர் விட்டுவிடுவார். இதை ஒவ்வொரு கைக்கும் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள், அது வேறு.

ஐந்தாவது சீட்டில் ஒரு ஆச்சரியம்

கட்டும் அளவு இரட்டிப்பாகும் ஐந்தாவது சீட்டுதான் பெரிய முடிவு எடுக்கும் இடம். இங்கே கண் ஏமாற்றும். ஒருவரிடம் 9-8-7-6-5, அதாவது ஐந்தும் தயார். இன்னொருவரிடம் ஏஸ்-2-3-4, கூட ஒரு வீணான கிங். யார் முன்னிலை?

கை தயாராக இருப்பவர் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் கிங் வைத்திருப்பவர் கை கொஞ்சம் மேல். மீதி 42 சீட்டில் 5, 6, 7, 8, 9 என 15 சீட்டுகள் அவருக்கு உதவும். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டும். இரண்டிலும் தவறும் வாய்ப்பு சுமார் 41 சதவீதம். எதிராளியும் தன் கையைத் தேற்றிக்கொள்ளலாம் என்பதையும் கழித்துப் பார்த்தால், கிங் வைத்திருப்பவர் ஜெயிக்கும் வாய்ப்பு 53, 54 சதவீதம் அளவில் நிற்கும். ‘கரடுமுரடான ஒன்பதை’ப் பார்த்து ரொம்பப் பெருமைப்பட வேண்டாம் என்று ராஸ் ஆடுபவர்கள் சொல்வது இதனால்தான்.

அதே எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஆட்டத்தைச் சரியாகப் புரிந்து, சரியான இடத்தில் கட்டியவருக்குக்கூட நூற்றுக்கு 46 முறை அந்தக் கையில் தோல்விதான். திறமையின் பலன் நூற்றுக்கணக்கான கைகளில்தான் தெரியும். ஒரு ராத்திரியில், சம்பளப் பணத்தில் தெரியாது. திறமை ஆட்டம் என்ற சொல்லை விளம்பரங்களில் கேட்டுப் பழகியவர்கள் இந்த 46ஐ மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் வைத்து ஆடலாமா?

ஆன்லைனில் பணத்தை இழந்து, கடனில் மூழ்கி, உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2021இல் கொண்டுவந்த முதல் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு, அதன் பின் அவசரச் சட்டம், பிறகு ரகுபதி தாக்கல் செய்த மசோதா. ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்ப, 2023 மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக அட்டவணையில் சேர்த்தது செல்லாது என்றது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றும் சொன்னது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு ஆகிய விதிகளை 2025 ஜூன் 3 அன்று அதே நீதிமன்றம் ஏற்றது.

இரண்டே மாதத்தில் நிலைமை மாறியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லை, தடைதான். அப்படி ஆட்டம் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. பெரிய ஆப்கள் உடனடியாகப் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின.

ஆன்லைனை விட்டுவிட்டு, தோப்பிலோ பூட்டிய கடையின் பின்னாலோ பணம் வைத்து உட்கார்ந்தால், 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் காத்திருக்கிறது. ‘பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது’ என்ற செய்தி புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல.

அதனால்தான் மேலே புளியங்கொட்டை. வீட்டில் நாலைந்து பேர், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு நூறு கொட்டை இருந்தால் போதும். எட்டுப் பேர் வரை ஆடலாம். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் 56 சீட்டு வேண்டும், கட்டில் இருப்பதோ 52. அப்படி வந்தால் கடைசிச் சீட்டாக ஒன்றை நடுவில் திறந்து போட்டு, எல்லாருக்கும் பொது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி உங்கள் வீட்டில் தேவைப்பட்டால், யாருமே டிராப் பண்ணவில்லை என்று அர்த்தம்.