சூரிய ஈர்ப்புச் செம்பெயர்ச்சி

சூரிய ஈர்ப்புச் செம்பெயர்ச்சி என்பது, சூரியனின் திணிவினால் (நிறை) உண்டாகும் ஈர்ப்பை மீறி வெளிவரும் ஒளி ஆற்றலை இழப்பதால், அதன் அலைநீளம் சற்றுக் கூடி, நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்வதாகும். இதனைத் தொடக்க காலத்திலேயே அளந்து ஆராய்ந்த இடங்களுள், பழனி மலைத்தொடரில் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய வானாய்வகமும் ஒன்றாகும்.

திணிவும் ஈர்ப்பு விசையும்

நியூட்டனின் விதிப்படி, இரு பொருட்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசை அவற்றின் திணிவுகளின் பெருக்கத்துக்கு நேர் விகிதத்திலும், இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்திலும் அமையும். சூரியனின் திணிவு பூமியைப் போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. ஆரம் 109 மடங்கு. 3,33,000 ஐ 109 இன் இருமடியால் வகுத்தால் 28 கிடைக்கும். அதாவது, சூரியனின் மேற்பரப்பில் ஒரு பொருளின் எடை பூமியில் உள்ளதைப் போல் 28 மடங்காக இருக்கும்.

ஐன்ஸ்டைனின் கணிப்பு

ஈர்ப்பு ஒளியையும் பாதிக்கும் என 1907 இல் ஐன்ஸ்டைன் கூறினார். செம்பெயர்ச்சியின் அளவு, திணிவை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் மதிப்பைப் பொறுத்தது. சூரியனில் இது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கு ஆகும். 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள கோடு 0.001 நானோமீட்டர் மட்டுமே நகரும். வளிமம் நொடிக்கு 0.6 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகிச் சென்றாலும் இதே பெயர்ச்சி தோன்றும். ஆகவே, அளந்த பெயர்ச்சிக்குக் காரணம் திணிவா, இயக்கமா என்பதைப் பிரித்தறிவதே சிக்கலாக இருந்தது.

கொடைக்கானல் ஆய்வுகள்

1899 இல் நிறுவப்பட்ட இவ்வாய்வகத்தில் 1907 இல் சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 இல் சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இது எவர்ஷெட் விளைவு எனப்படுகின்றது. பின்னர் அவரும் தாமஸ் ராய்ட்ஸும் சூரிய வட்டின் நடுவிலும் விளிம்பிலும் கோடுகளை அளந்து, விளிம்பில் செம்பெயர்ச்சி கூடுதலாக இருப்பதைக் கண்டனர். அழுத்தமே காரணம் என்ற அக்காலக் கருத்தை எவர்ஷெட் ஏற்கவில்லை. வளிமத்தின் இயக்கமே காரணம் எனக் கருதினார். ஆனால், விளிம்பு முழுவதும் வளிமம் பூமியை விட்டு விலகுவதாகக் கொள்ள வேண்டியிருந்தது. இதைச் சோதிக்க, சூரியனின் வேறு பக்கத்தின் ஒளியைத் தெறிக்கும் வெள்ளிக் கோளின் நிறமாலையையும் அவர் ஆராய்ந்தார். 1920களின் தொடக்கத்தில், ஐன்ஸ்டைன் கூறிய விளைவு சூரிய நிறமாலையில் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார்.

பிற்கால விளக்கம்

சூரியனில் மேலெழும் வெப்ப வளிமம் கூடுதல் ஒளியுடையது. வட்டின் நடுவில் அது நம்மை நோக்கி வருவதால் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்து, ஈர்ப்புச் செம்பெயர்ச்சியின் ஒரு பகுதியை மறைக்கின்றன. விளிம்பில் இவ்வியக்கம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக அமைவதால் இம்மறைப்பு குறைகின்றது. கொடைக்கானலில் காணப்பட்ட வேறுபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணமாகும். ஈர்ப்புச் செம்பெயர்ச்சி 1960 இல் பவுண்ட், ரெப்கா ஆகியோரால் பூமியிலேயே, 22.5 மீட்டர் உயர வேறுபாட்டில் அளக்கப்பட்டது.

திணிவு ஒன்றாயினும் ஆரம் சிறிதானால் விளைவு பெரிதாகும். சிரியசு பி என்னும் வெண்குறுமீனின் திணிவு சூரியனையும், பருமன் பூமியையும் ஒத்தவை. அதன் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இணையானது.