சிற்றழுத்தமும் பேரிரைச்சலும்

தூத்துக்குடித் துறைமுகத்தருகே 1979ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையத்தை அறிவீர்கள். இத்தகைய நிலையங்களில் 500 பாகையைக் கடந்த நீராவியின் வெப்பநிலையை உணர்த்துவது வெப்பமின்னிரட்டை. 1821இல் சீபெக் கண்ட விளைவே அதற்கு அடிப்படை. நீராவி மிகைச்சூடேறினால் குழாய்கள் நலியும். ஆகவே அளவு பிழைபடலாகாது. ஆனால், குரோமல்–அலுமல் இரட்டை ஒரு பாகைக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்டே! பக்கத்து மோட்டாரின் மின்கம்பி 1 மில்லிவோல்ட்டைத் தூண்டினாலும் அளவு 24 பாகை தடுமாறும்.

இரு கம்பிகளையும் முறுக்கிவிட்டால், அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படும் அழுத்தங்கள் எதிரெதிராகி அழியும். மேலுள்ள உலோக உறையை ஒரு முனையில் மட்டுமே நிலத்துடன் இணைத்தல் வேண்டும். இரு முனையும் இணைப்பதே காப்பு என எண்ணத் தோன்றும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நிலத்தின் ஈரிடங்கள் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. ஆதலால் உறை வழியே மின்னோட்டம் பாய்ந்து, புதிய இரைச்சலைப் படைக்கும். நம் கடற்கரையின் உப்புக்காற்று இணைப்புகளை அரிப்பதால், அவற்றையும் அவ்வப்போது துலக்கி இறுக்குதல் வேண்டும்.