கவலையா? ஒரு கை மண், ஒரு வரி ஜெபம்!

ராத்திரி மூன்று மணி. வீடே தூங்குகிறது. உங்களுக்கு மட்டும் விழிப்பு. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பையன் வேலை, பெண் கல்யாணம், நாளைக்கு வரப்போகிற ஸ்கேன் ரிப்போர்ட் என்று மனசு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. 'கவலைப்படாதே' என்று யாராவது சொன்னால் ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. இப்படிப்பட்ட ராத்திரிகளைக் கழித்தவரா நீங்கள்? கொஞ்சம் உட்காருங்கள், பேசுவோம்.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். மகன் துபாயில் வேலை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவருக்குக் கொரோனா. இங்கேயோ கோவில் பூட்டிக் கிடக்கிறது. பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிட்டன.

"பத்து நாளா தூக்கமே இல்ல ஐயா. ஜெபம் பண்ண முழங்கால் போட்டா வார்த்தையே வர மாட்டேங்கு. எனக்கு விசுவாசமே போயிட்டோ?" என்றார்.

படபடப்பைவிட இந்தக் கடைசிக் கேள்விதான் அந்த அம்மாவை வாட்டிக்கொண்டிருந்தது.

பயம் வந்தால் பக்தி இல்லையா?

கடவுள் நம்பிக்கை உள்ள பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கவலை ஒரு பாரம். 'நம்பிக்கை இருந்தும் கவலைப்படுகிறோமே' என்ற குற்ற உணர்வு அதற்கு மேல் இன்னொரு பாரம்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடியவர், ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, செத்துப் போனால் போதும் என்று வேண்டுகிறார். அவருக்கு முதலில் கிடைத்தது என்ன? உபதேசம் அல்ல, கண்டிப்பும் அல்ல. தூக்கம், தழலில் சுட்ட அடை, குடிக்கத் தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதன் பிறகுதான் பயணம். மனம் சோர்ந்தவரை எந்த வரிசையில் தேற்ற வேண்டும் என்பதற்கு, வைத்தியனான எனக்கே இது பாடம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியாகுலப்பட்டு வியர்த்ததை லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் வைத்தியர் என்று பவுலே குறிப்பிட்டிருக்கிறார்.

சித்த மருத்துவத்தின் பார்வையும் இதற்கு ஒத்து வருகிறது. வளி, அழல், ஐயம் மூன்றும் தத்தம் அளவில் நிற்பதுதான் ஆரோக்கியம். தொடர்ந்த கவலை, ராத்திரி விழிப்பு, நேரம் தவறிய சாப்பாடு இவை சேர்ந்தால் வளி மிகும். படபடப்பு, வயிற்று உப்புசம், தூக்கமின்மை எல்லாம் அதன் கைவரிசை. ஆகவே உடம்பின் ஒழுங்கைச் சீர்செய்வதும் வைத்தியத்தில் ஒரு பாதி.

அந்த அம்மாவிடம் முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு கேட்டேன்:

"வீட்டுல வெந்தயம் இருக்காம்மா?"

"இருக்கு ஐயா. கஷாயம் வைக்கவா?"

"இல்லம்மா, விதைக்க!"

ஏன் வெந்தயம்?

தவிக்கிற மனசால் மாமரத்துக்காகக் காத்திருக்க முடியாது. வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். ஏறக்குறைய 25 நாளில் கீரையாகக் குழம்புச் சட்டிக்கே வந்துவிடும். 'நேற்று இல்லாத ஒன்று இன்றைக்கு இருக்கிறது' என்று கண் பார்க்கும்போது மனசு கொஞ்சம் இளகும்.

இன்னொரு விஷயம். கவலை எப்போதும் நாளையிலேயே வாழும். செடிக்கோ இன்றைக்குத் தண்ணீர் வேண்டும். கை மண்ணில் இருக்கும் அந்த அரை மணி நேரம் மனசும் இன்றைக்குள் வந்துதான் ஆக வேண்டும். காலை வெயில் கண்ணில் படுவதால் உடம்பின் கடிகாரமும் சீராகி, ராத்திரித் தூக்கத்துக்கு உதவும்.

2011-ல் நெதர்லாந்தில் 30 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் மனதை இறுக்குகிற ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, ஒரு பிரிவினரை 30 நிமிடம் தோட்ட வேலைக்கும், இன்னொரு பிரிவினரை வீட்டுக்குள் புத்தகம் படிக்கவும் அனுப்பினார்கள். மன இறுக்கத்தில் சுரக்கும் கார்டிசால் இரு பிரிவிலும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது.

மலைப்பிரசங்கத்தை நினைத்துப் பாருங்கள். இயேசு 'கவலை வேண்டாம்' என்று சொல்வதோடு நிறுத்தவில்லை. பறவைகளையும் காட்டுப் பூக்களையும் பார்க்கச் சொன்னார். கலங்கிய கண்ணுக்குப் பார்ப்பதற்கு ஒன்றைக் கொடுத்தார்!

நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்று வணங்கப்படும் எகிப்துத் துறவியைப் பற்றியும் ஒரு பழைய கதை உண்டு. பாலைவனத்தில் தனியே மனம் சோர்ந்து போனபோது, தன்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் கண்டாராம். வேலையும் ஜெபமும் மாறி மாறி! அதுவே அவருக்கு மருந்தானது. தேடி வருகிறவர்களுக்காக அவர் அங்கே காய்கறியும் பயிரிட்டிருக்கிறார்.

நீங்களும் செய்யலாம்

* செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. அடியில் துளை போட்ட பழைய பக்கெட்டே போதும்.

* வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தூவி, மேலே மெல்லிசாக மண் போடுங்கள். கூடவே துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, வல்லாரை வைக்கலாம். வல்லாரைக்கு ஈரமும் அரை நிழலும் பிடிக்கும். வாரம் ஓரிரு நாள் துவையலாகச் சேர்த்தால் போதும்.

* தொட்டிக்கு ஒரு பெயர் வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது அந்த ஒருவருக்காக ஒரே வரி ஜெபம். அந்த ஆசிரியை எட்டுத் தொட்டி வைத்தார். முதல் தொட்டி மகனுக்கு. வார்த்தை வராத நாளில் பெயரை மட்டும் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்.

* மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் செய்தி பார்க்க வேண்டாம்.

* தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும். சர்க்கரை நோயாளிகள் கையுறையும் செருப்பும் இல்லாமல் மண்ணில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா ஐந்து மணி நேரம் தூங்கினார். பயம் அடியோடு போகவில்லை. ஆனால் அதோடு இருக்கப் பழகிவிட்டார். மகனுக்கும் நோய் வராமல் தப்பியது. அது செடியால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களைத் தாங்கச் செடி உதவியது, அவ்வளவுதான்.

எச்சரிக்கை!

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் 'கவலைதான்' என்று ஒதுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கமின்மையும் பதற்றமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறும் படபடப்பைத் தரும். சாப்பிட்டு வரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அமுக்கரா சூரணத்தை நீங்களாக வாங்கியும் சாப்பிடாதீர்கள். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல!

திருநெல்வேலிச் சீமையில் அறுப்பின் பண்டிகை அன்று கோவிலுக்குள் நுழைந்தால் பூசணியும் முருங்கையும் வாழைத்தாருமாகக் குவிந்திருக்கும். அவரவர் வீட்டில் முதலில் விளைந்தது. உங்கள் மாடியில் விளைந்த ஒரு கட்டுக் கீரையும் அங்கே போகலாம். வேறு வழிபாடு உள்ள வீடு என்றால், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கப் போகும் இடத்தில் நாலு வார்த்தை பேசவும் ஆள் கிடைக்கும்.

இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் ஒரு பிடி வெந்தயத்தை ஊறப் போடுங்கள். விடிந்ததும் அதற்கு நீங்கள் வேண்டும்.