ஆடைக்குள் ஒளிந்திருக்கும் செவி

மேடை நடுவே நின்று ஒருவர் பாடுகிறார். கையில் மைக் இல்லை. எதிரே ஸ்டாண்டும் இல்லை. ஆயினும் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. ‘மைக்’ என்று நாம் எளிதாக வழங்கும் ஒலிவாங்கி, ஒரு நெல்மணியளவு உருவில், அவர்தம் ஆடைக்குள்ளோ கூந்தலுக்குள்ளோ ஒளிந்திருக்கிறது. அதை அங்கே பொருத்துவதும், நாடுவிட்டு நாடு பத்திரமாய்க் கொண்டு செல்வதும் ஒரு தனித் தொழில். பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத அத்தொழிலின் நுணுக்கங்களையும், அதில் அடங்கிய பெரும் பொறுப்பையும் இம்மாதம் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பெயர் வந்த வரலாறு

உடையில் அணியும் இச்சிறு ஒலிவாங்கிக்கு ‘லவேலியர்’ என்று பெயர். 1950-களில் இது இன்றுள்ள அளவுக்குச் சிறிதாக இல்லை. கயிற்றில் கோத்துப் பதக்கம்போல் கழுத்தில் தொங்கவிட்டார்கள். கழுத்துப் பதக்கத்தைக் குறித்த பெயரே கருவிக்கும் ஆயிற்று. அப்பெயரின் வேர் பிரான்சு நாட்டின் லூயிஸ் தெ லா வல்லியேர் சீமாட்டியார். பதினான்காம் லூயி மன்னனின் அன்புக்குரியவராய் அரண்மனையில் வாழ்ந்த அவர், 1674-இல் அனைத்தையும் துறந்து பாரிசு நகரின் கார்மேல் மடத்தில் புகுந்து, 1710-இல் கன்னியராகவே இறந்தார். அவர் பெயரைத் தம் மேடைப் பெயராக ஏற்ற நடிகை ஏவ் லவல்லியேரும் 1917-இல் மனந்திரும்பி, பின்னர் புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பதக்கத்திற்குப் பெயர் சீமாட்டியாரிடமிருந்து வந்தது என்பாரும் உளர். நடிகையிடமிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், பிறர் கண்ணுக்கு மறைந்து வாழ விரும்பிய இருவரின் பெயர், மறைந்திருந்து உழைக்கும் ஒரு கருவிக்கு வாய்த்தது நமக்கு வியப்பளிக்கிறது.

1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர் ‘எலெக்ட்ரெட்’ ஒலிவாங்கியை உருவாக்கினார்கள். அதன்பின்னரே இக்கருவி மிகச் சிறிய உருவில், மலிவாகவும் கிடைக்கலாயிற்று.

இரு திரைப்படங்கள்

பாட்டை முன்னரே பதிவுசெய்து, படப்பிடிப்பின்போது நடிகர் அதற்கு வாயசைப்பது நம் திரைப்படங்களில் நாம் நன்கறிந்த வழக்கம். ஆலிவுட்டிலும் அதுவே வழக்கமாயிருந்தது. 1964-இல் வெளிவந்த ‘மை ஃபேர் லேடி’ படத்தின் நாயகர் ரெக்ஸ் ஹாரிசன் அதற்கு இசையவில்லை. தம் பாட்டை ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை தாம் பாடுவதில்லை என்பது அவர் கூறிய காரணம். எனவே அவரது கழுத்து ‘டை’யில் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை ஒளித்துவைத்து, அவர் நடிக்கும்போதே பாட்டைப் பதிவுசெய்தார்கள். அப்படத்தின் ஒலிக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2012-இல், விக்டர் யூகோவின் ‘லே மிசரபிள்’ இசைநாடகம் படமாயிற்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழில் தந்த அதே கதைதான். வெள்ளிப் பொருள்களைத் திருடியவனுக்கு விளக்குத்தண்டுகளையும் சேர்த்தளித்த ஆயரை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படத்தில் நடிகர் அனைவரும் காமிராவின் முன்னரே பாடினார்கள். காதில் மறைந்திருந்த சிறு கருவி வழியே, அப்பால் ஒருவர் வாசித்த பியானோ இசை அவர்களுக்குக் கேட்டது. நடிகர் நிறுத்தினால் பியானோ நின்றது. அவர் விம்மினால் பியானோ காத்திருந்தது. முழு இசைக்குழுவின் வாத்தியங்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. ஒலிப்பதிவாளர் சைமன் ஹேய்ஸ், துணியின் உரசல் ஒலி கலவாதிருக்கும்பொருட்டு ஒலிவாங்கிகளை உடையின் மேற்புறத்திலேயே பொருத்தினார். படத்தில் தெரிந்தவற்றைக் கணினி கொண்டு பின்னர் அழித்தார்கள். 2013-இல் இப்படத்தின் ஒலிக்கலவைக்கும் ஆஸ்கார் விருது கிடைத்தது.

பொருத்தும் முறை

கணினியின் துணை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மேடையிலோ அதற்கு இடமேயில்லை. ஆகவே கையின் திறமையே பெரும்பாலும் துணை. தாடைக்கு ஒரு சாண் கீழே, மார்பெலும்பின் மேல் வைப்பது பொதுவான முறை. அதைவிட மேலே ஏற்றினால் தாடையின் மறைவில் குரல் மங்கும். பட்டும் நைலானும் கஞ்சியிட்ட துணியும் சரசரக்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி அவ்வளவாகச் சரசரக்காது. கழுத்துச் சங்கிலியோ ஜெபமாலையோ தட்டினால், கேட்போருக்கு அது சம்மட்டி அடியாகக் கேட்கும். ஆகவே தோலுக்குத் தீங்கற்ற மருத்துவப் பிளாஸ்திரியால் ஒலிவாங்கியை அசையாமல் ஒட்டி, கம்பியைச் சிறு வளையமாக விட்டுப் பொருத்துகிறார்கள். நடிகர் அசையும்போது அவ்வளையம் இழுப்பைத் தாங்கும்.

இசைநாடக மேடையில் நெற்றியின் மேல், மயிர் தொடங்கும் ஓரமே சிறந்த இடம். தலை எப்பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் மாறாது. குரலை அலைகளாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், மீள்பட்டையில் இடுப்பின் பின்புறமோ, தொடையிலோ, கணுக்காலிலோ கட்டப்படும். வியர்வையே அதன் முதற்பகை. மெல்லிய ரப்பர் உறையிட்டுக் காக்கிறார்கள்.

வானவழிப் பயணம்

இக்கருவிகளுடன் விமானம் ஏறுவது தனிக் கவலை. லித்தியம் மின்கலங்கள் பழுதானால் தீப்பிடிக்கும். சரக்கறையில் பற்றும் தீயை அணைப்பது அரிது. பயணிகள் இருக்குமிடத்தில் பற்றினால் உடனே கண்டு அணைக்கலாம். எனவே உதிரி மின்கலங்களைக் கையோடுதான் கொண்டு செல்லவேண்டும். முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி மூடியிருக்கவேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்படாதவற்றுக்குத் தனி அனுமதி பொதுவாகத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவுடன் உதிரியாக இரண்டே. அதற்கு மேற்பட்டவை பயணியின் சுமையாகச் செல்ல முடியாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி உள்ள மின்கலம் ஏறத்தாழ 98, எல்லைக்குள் அடங்கிவிடும்.

கம்பிகளும் ஸ்டாண்டுகளும் சரக்காகச் செல்லலாம். ஒலிவாங்கியும் பதிவுக் கருவியும் கைப்பையிலேயே இருப்பது நலம். பதிவான ஒலியின் இரு படிகளை இருவர் தனித்தனியே கொண்டு செல்வது முன்னெச்சரிக்கை. குளிர்ந்த பெட்டியை ஈரக்காற்றுள்ள ஊரில் உடனே திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும்; சற்றுப் பொறுத்துத் திறக்கவேண்டும். ‘ஏ.டி.ஏ. கார்னே’ என்னும் ஆவணத்தில் கருவிகளை எண்களோடு பட்டியலிட்டால், அதனை ஏற்கும் நாடுகளில் சுங்கவரியின்றி ஓராண்டுவரை கொண்டுபோய்த் திரும்பலாம். அலைவரிசைச் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் கம்பியில்லா மைக்குகளுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் வரிசை 2010-இலும், 600 வரிசையின் பெரும்பகுதி 2020-இலும் விலக்கப்பட்டன. ஓரிடத்தில் முறையான கருவி மற்றோரிடத்தில் சட்டமீறலாகலாம்.

கம்பியும் மின்கலமும் பிணைந்த சிறு பெட்டி, சோதனைத் திரையில் ஐயத்தை எழுப்புவது இயல்பே. பழகியவர்கள் அவற்றை எளிதில் எடுத்துக் காட்டும்படி மேலாக அடுக்குகிறார்கள். கேட்கும்முன்பே இன்னதென்று சொல்கிறார்கள். மேடையில் மறைப்பதே தொழிலாயினும், விமான நிலையத்தில் எதையும் மறைப்பதில்லை.

அணிபவருக்கு மறைக்கலாகாது

இதே நேர்மை, கருவியை அணிபவரிடமும் வேண்டும். பார்ப்போருக்கு மறைக்கலாம், அணிபவருக்கு மறைக்கலாகாது. ஒருவரது உடைக்குள் கைவைக்கும் தொழில் இது. எங்கே, எதற்காக என்று முதலில் சொல்லி, இசைவு பெற்றபின்பே தொடுவது நல்ல தொழிலாளரின் வழக்கம். அவரே அணிந்துகொள்ளக் கூடியதை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். சிறுவராயின் தாயோ தந்தையோ அருகிருப்பது முறை.

மேலும், இச்செவிக்குத் தேர்ந்து கேட்கத் தெரியாது. காட்சி முடிந்து திரைக்குப் பின் வந்தவர் தோழியிடம் சொல்லும் துயரமும், சக நடிகர்மேல் கொட்டும் சினமும், தனியே முணுமுணுக்கும் ஜெபமும் அதில் விழும். வேலை முடிந்ததும் அவ்வழியை அடைப்பதும், தற்செயலாய்க் காதில் விழுந்ததை வெளியிடாதிருப்பதும் ஒலிப்பதிவாளரின் மனச்சான்றைப் பொறுத்தவை. அவர் அதில் தவறினால் ஒரு குடும்பத்தின் அமைதியே குலையக்கூடும்.

இன்று கம்பியில்லா மைக்குகள் பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும் பங்கு நாடகங்களுக்கும் எட்டிவிட்டன. நம் பிள்ளைகளே அவற்றை அணிகிறார்கள், இளைஞரே இயக்குகிறார்கள். பிள்ளைக்கு அதைப் பொருத்துமுன் அது எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்பதைச் சொல்லிக்கொடுப்போம். இயக்கும் இளைஞருக்கு, ஒலியைக் கூட்டக் கற்றுத்தரும் அன்றே, உரிய நேரத்தில் அடைக்கவும் கற்றுத்தருவோம். மேடைக்கென ஒருவர் தரும் குரலை எல்லாரும் கேட்கட்டும். மேடைக்கென அவர் தராத சொல் அவரிடமே இருக்கட்டும்.