மோட்டார் எப்போது சத்தம் போடுகிறது?

மும்பையில் செம்பூரிலிருந்து மாஹுல் போகும் சாலையில் கடல் வாசனைக்கு முன்னால் பெட்ரோல் வாசனை வந்துவிடும். 1950களிலிருந்து இயங்கும் சுத்திகரிப்பு ஆலைகளும் அவற்றுக்காகக் காத்திருக்கும் டேங்கர் லாரிகளும்தான் காரணம். அவற்றைத் தாண்டினால் சேற்றுநிலமும் கோலி மீனவர்களின் குடியிருப்பும். குளிர்காலத்தில் இந்தக் கழிமுகத்துக்குப் பூநாரை பார்க்க வருபவர்கள் பைனாகுலரைக் கொஞ்சம் தாழ்த்தினால், சிறு படகுகளின் பின்பலகையில் இன்னொரு சுவாரசியமான பிராணி தொங்குவது தெரியும். அதன் பெயர் அவுட்போர்டு மோட்டார்.

பெரிய விசைப்படகில் டீசல் எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். அவுட்போர்டு அப்படியல்ல, எஞ்சின், கியர், சுழல்விசிறி எல்லாம் ஒரே தொகுப்பாக அமைந்தது. இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் இதை வணிகப் பொருளாக்கினார். யமஹாவின் முதல் அவுட்போர்டு 1960இல் வந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் 1980களில் இது பரவியபோது பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது வழக்கமாயிற்று.

பழைய மோட்டார்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். அதாவது ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஒன்றுவிட்ட அண்ணன். டேப்பெட் தள்ளித் திறக்கும் வால்வும் கிடையாது, டேப்பெட்டும் கிடையாது. ஆகவே ‘டிக் டிக்’ சத்தத்தைக் கேட்டு “டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணணும்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்.

சத்தம் வந்தால் எல்லோரும் அது எப்படிக் கேட்கிறது என்றுதான் விவரிப்பார்கள்: கடகட, கரகர, டொக்டொக். அது அதிகம் உதவாது. ஒரே பேரிங் ஒருவர் காதுக்குக் கரகர, இன்னொருவருக்கு உய்ங். எப்போது கேட்கிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் கேள்வி. நியூட்ரலில் வருகிறதா, கியர் போட்டபின் வருகிறதா? வேகம் கூட்டினால் சத்தமும் வேகமாகிறதா? சுமை ஏறினால் அடங்குகிறதா?

எதையும் கழற்றுவதற்கு முன் மேல்மூடியின் கொக்கியையும் பின்பலகைத் திருகுகளையும் விசிறியின் நட்டையும் அசைத்துப் பாருங்கள். ‘எஞ்சின் போச்சு’ என்று பயந்த சத்தம் ஒரு தளர்ந்த கொக்கியாக இருப்பது சகஜம். பிறகு மோட்டாரை ஒரு பெரிய தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கிளப்ப வேண்டும். தண்ணீரில்லாமல் கிளப்பவே கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. உலர்ந்து சுற்றினால் சீக்கிரத்தில் கருகிவிடும்.

நியூட்ரலில், மிகக் குறைந்த வேகத்தில், கீழ்ப்பகுதியில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து, கியர் போட்டதும் மறைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பற்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே வயதான இடைவெளி; சுமை வந்ததும் ஒருபக்கமாக அழுந்தி அமைதியாகிவிடும். இதற்கு மாறாக, கியர் போட்டபின்தான் சத்தம் பிறக்கிறதென்றால் விசிறித்தண்டு, அதன் பேரிங், கியரைக் கவ்வும் கிளட்ச் ஆகியவற்றின் மீது சந்தேகம் விழ வேண்டும். முன்கியரில் மட்டும் ‘கடக்’ என்று நழுவி நழுவிப் பிடித்தால் கவ்வும் முனைகள் தேய்ந்துவிட்டன. எஞ்சின் வேகமெடுத்தும் படகு நகராவிட்டால், விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் பிடிமானம் வழுக்குகிறது. மிகப் பழைய மாடலென்றால் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ‘ஷியர் பின்’ முறிந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். யமஹாவின் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் செங்குத்துத் தண்டின் அடியிலுள்ள பினியனுக்கு 13 பல், விசிறித்தண்டின் கியருக்கு 27. எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும்போது பினியன் நொடிக்கு 15 முறை சுற்றும். விசிறி 7 முறைதான். பினியனில் ஒரு பல் உடைந்திருந்தால் நொடிக்கு 15 தட்டல், காதில் ஏறக்குறைய ஒட்டிய கரகரப்பு. பெரிய கியரில் உடைந்திருந்தால் 7 தட்டல், தனித்தனியாகவே கேட்கும். இரண்டிலும் ஒவ்வொரு பல் பழுதென்றால் இன்னும் வேடிக்கை. 13க்கும் 27க்கும் 1ஐத் தவிரப் பொதுவான வகுஎண் இல்லை. ஆகவே பழுதான அந்த இரண்டு பற்களும் பினியன் 27 சுற்று சுற்றினால்தான் மறுபடி சந்திக்கும். ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை ‘டொக்’ என்று ஒரு பெரிய அடி. கைக்கடிகாரம் இருந்தால் போதும், கியர்பெட்டியைத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும்.

எஞ்சின் தலைப்பகுதியிலிருந்து வரும் சத்தத்துக்கு நீண்ட ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனியைச் சிலிண்டரிலும் கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் வைத்தால் இரும்பு வழியே சத்தம் நேராக வரும். மேலே சுழலும் ஃப்ளைவீலில் தலைமுடியோ சட்டையோ சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சிலிண்டர் மோட்டாரென்றால் ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, எஞ்சின் உடலில் தொடும்படி வைத்துவிட்டு ஓட்டலாம். (வயரை அந்தரத்தில் விட்டால் மின்சுற்று எரிந்துபோகலாம்.) அப்போது டொக்டொக் மெலிந்தால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங்தான் குற்றவாளி. டூ ஸ்ட்ரோக்கில் இந்த பேரிங்குக்குத் தனி எண்ணெய் கிடையாது; பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் அதன் சாப்பாடு. 50க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. பழைய சில மாடல்களுக்கு 25க்கு 1, அதாவது 400 மில்லி. பைக்குக்கு வாங்கிய எண்ணெயை இதில் ஊற்றுவது பொய்ச் சிக்கனம். அது எரிந்து விடும் சாம்பல் சிலிண்டர் தலையில் படிந்து, கனன்று, நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று குறித்த எண்ணெய் தனியாக இருக்கிறது.

கல்லால் தகரத்தைத் தட்டுவது போன்ற மெல்லிய ‘கிண்கிண்’, அதுவும் முழு வேகத்தில் சுமையோடு போகும்போது மட்டும் வந்தால், எரிபொருளைப் பாருங்கள். மண்ணெண்ணெய் வெப்பத்தில் தானாக வெடிக்கும் சுபாவமுடையது. அதற்கென்று அழுத்தம் குறைத்துச் செய்த மோட்டார் தாங்கும். சாதாரண பெட்ரோல் மோட்டாரில் ஊற்றினால் பிஸ்டன் ஓட்டையாகும்.

மும்பைக் கழிமுகங்களில் காணும் நோய் ஒன்று உண்டு. அறுந்த வலையின் நைலான் இழை விசிறித்தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. சுற்றச் சுற்ற இறுகி, சூடேறி, தண்டின் ஆயில் சீலைத் தின்னும். உப்புநீர் கியர்பெட்டிக்குள் போகும். எண்ணெய் பாலேடு போல் வெளுக்கும். பேரிங் துருப்பிடித்துக் குழிவிழும். ‘உய்ங்’ என்ற சத்தம் கேட்பது இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில்தான். முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துகொள்ள ஒரே வழி, விசிறியைக் கழற்றிப் பார்ப்பது. பிளாஸ்டிக் பையும் சேறும் நீர் உறிஞ்சும் துளையை அடைப்பது இதற்கு அடுத்த நோய்.

மற்றச் சத்தங்களோடு மெதுவாகக் கரை வந்துவிடலாம். இரண்டுக்கு மட்டும் உடனே நிறுத்த வேண்டும். வேகத்தோடு கனத்துக்கொண்டே போகும் உலோக அடி ஒன்று. மோட்டாரின் பக்கத்தில் பீச்சும் சிறிய நீர்த்தாரை நின்றுபோய் எஞ்சின் கீச்சிடுவது இன்னொன்று. தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நடுக்கடலில் துடுப்புதான்.

கியர் எண்ணெயை 100 மணி நேர ஓட்டத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மும்பைக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள், கோலிகள் கடலை வணங்கி மறுபடி படகிறக்கும் நாரளி பௌர்ணமி வரை காத்திராமல், அந்த இரண்டு மாதத்துக்குள் விசிறியைக் கழற்றுங்கள், எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆயில் சீலை மாற்றுங்கள். மின்னும் இரும்புத் துகள் இருந்தால் கியர்பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.